பாத்திரத்தின் அளவு

வீட்டில் பியர் தயாரிப்பவர்கள் நடுவே ஓயாத சண்டை ஒன்று உண்டு. கடையில் வாங்கிய மால்ட் சாற்றைக் கரைத்துச் செய்த பியரை ‘நானே செய்தது’ என்று சொல்லிக்கொள்ளலாமா, கூடாதா? அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இதைப் பொழுதுபோக்காகச் செய்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களில் பலருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சந்தேகமில்லாமல் தெரிந்திருக்கிறது. தானியத்தை வெந்நீரில் ஊறவைத்து இனிப்பைப் பிரித்தெடுப்பதில் தொடங்கினால்தான் அது நிஜமான காய்ச்சல். சாற்றில் தொடங்குவது குறுக்குவழி, பழகுபவர்களுக்கானது. சாறு பயன்படுத்துபவரிடம் ‘எப்போது தானியத்துக்கு மாறப்போகிறீர்கள்?’ என்று கேட்பது அந்த வட்டாரத்தில் சகஜம். எப்போது கல்யாணம் என்று நம்மிடம் கேட்பார்களே, அதே தொனியில்.

பியர் பற்றிய சண்டை பெண்ணியக் கட்டுரைக்குள் ஏன் வரவேண்டும் என்று தோன்றலாம். எனக்கு இதில் அக்கறை இருப்பது சுவையால் அல்ல. ஒரு வேலையில் எந்தப் பகுதி ‘உண்மையான வேலை’ என்று எண்ணப்படும், எது எண்ணப்படாமல் போகும், ‘என் கையால் செய்தேன்’ என்ற வாக்கியத்தைச் சொல்லும் உரிமை யாருக்குக் கேட்காமலேயே கிடைக்கிறது, யார் அதற்குச் சாட்சி காட்ட வேண்டியிருக்கிறது என்ற கேள்விகள் இந்தச் சின்னச் சண்டைக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. பெரிய கேள்விகளைப் பெரிய இடத்தில் வைத்துப் பார்த்தால் எல்லோரும் ஜாக்கிரதையாகப் பேசுகிறார்கள். பொழுதுபோக்கில் மனிதர்கள் ஜாக்கிரதையாக இருப்பதில்லை.

இன்னொரு தயக்கத்தையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். மது என்றால் நம்மில் பலருக்கு நினைவு வருவது சம்பளம் வீடு வந்து சேராத மாதங்களும் அடி வாங்கிய முகங்களும்தான். 1992இல் நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டாவில் சாராயத்துக்கு எதிராக எழுந்த பெண்களை யாரும் ஒழுக்கப் பிரசங்கிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் 1874இல் தொடங்கிய கிறிஸ்தவப் பெண்களின் மதுவிலக்குச் சங்கமும் இதே வலியிலிருந்து பிறந்ததுதான். அதே அமெரிக்காவில் 1929இல் பாலின் சாபின் என்ற பெண்மணி மதுவிலக்கை நீக்கக் கோரிப் பெண்களைத் திரட்டினார் என்பதும் வரலாறு. இரண்டு பக்கமும் பெண்கள் நின்றிருக்கிறார்கள், இரண்டு பக்கமும் காரணங்கள் இருந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். யாரையும் அடுப்பு மூட்டச் சொல்ல நான் இதை எழுதவில்லை. தமிழில் ‘காய்ச்சுவது’ என்றாலே சாராயம்தான் நினைவுக்கு வருகிறது என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பியரை வாலையில் வடிப்பதில்லை. அது புளிக்கவைத்த தானியக் கஞ்சியின் தெளிவு. இட்லி மாவுக்குத்தான் அது நெருங்கிய உறவு.

பார்லியை ஊறவைத்து முளைகட்டி, முளை நீளுவதற்கு முன் சூட்டில் உலர்த்தினால் மால்ட். கேழ்வரகை முளைகட்டி வறுத்து அரைக்கும் வீடுகளில் இதை விளக்க வேண்டியதில்லை. முளைக்கும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றக்கூடிய நொதிகள் தானியத்துக்குள் உருவாகின்றன. உடைத்த மால்ட்டை ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால் நொதிகள் தம் வேலையை முடித்துவிடும். அந்த இனிப்பு நீரை வடித்தெடுத்து, ஹாப்ஸ் என்ற கொடியின் கூம்பு போன்ற பூக்களைப் போட்டு இன்னொரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து மூடிவைத்தால் இரண்டு வாரங்களில் பியர். மால்ட் சாறு என்பது அந்த இனிப்பு நீரைத் தொழிற்சாலையிலேயே வடித்து, குறைந்த காற்றழுத்தத்தில் தண்ணீரை ஆவியாக்கி, தேன் பதத்துக்குக் கெட்டியாக்கி டப்பாவில் அடைத்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு திடப்பொருள். வாங்குபவர் மறுபடி தண்ணீர் சேர்க்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இந்த ‘அவ்வளவுதான்’ ஒரு வீட்டின் பரப்பளவைத் தீர்மானிக்கிறது. வழக்கமான அமெரிக்க அளவு 5 கேலன், அதாவது 19 லிட்டர். தானியத்திலிருந்து தொடங்கினால் நாலைந்து கிலோ தானியம் வேண்டும், சூடு இறங்காமல் அதை ஊறவைக்க ஒரு பெரிய கலம் வேண்டும், ஆவியாகிப் போவதையும் கணக்கில் வைத்து 25 லிட்டருக்கு மேல் கொதிக்கவைக்க 30 லிட்டர் பாத்திரம் வேண்டும். வீட்டு அடுப்பு அந்த அளவைத் தளதளவென்று கொதிக்க விடாது. ஆகவே பெரிய கேஸ் பர்னர், அதை வைக்க முற்றமோ கார் நிறுத்தும் கொட்டகையோ வேண்டும். அத்தனை சூட்டை இறக்கச் செம்புக்குழாய்ச் சுருள் வேண்டும். இதற்கெல்லாம் மேல், யாரும் கூப்பிடாத ஐந்தாறு மணி நேரம் வேண்டும். எனக்கு இந்தப் பட்டியலிலேயே கிடைப்பதற்கரிய பொருளாகத் தோன்றுவது கடைசியில் இருப்பதுதான்.

சாற்றில் தொடங்குபவளுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் பாத்திரம் போதும். எட்டு லிட்டர் தண்ணீரைச் சுடவைத்து, அடுப்பை அணைத்துவிட்டுச் சாற்றை ஊற்ற வேண்டும். அணைக்காமல் ஊற்றினால் அது கனத்தால் அடியில் போய் உட்கார்ந்து பாகு தீய்வதுபோலத் தீயும். பிறகு இரண்டு வாரம் காத்திருந்து அந்தத் தீய்ச்சலைக் குடிக்க வேண்டும். முதலில் சாற்றில் ஒரு பகுதியை மட்டுமே சேர்ப்பது நல்லது. சின்னப் பாத்திரத்தில் எல்லாவற்றையும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால் கரைசல் கெட்டியாக இருப்பதால் நிறம் கருத்துவிடும், ஹாப்ஸின் கசப்பும் சரியாக இறங்காது. மீதிச் சாற்றைக் கடைசிப் பதினைந்து நிமிடங்களில் சேர்த்தால் போதும், அது கிருமி நீங்கும் அளவுக்குச் சூடேறிவிடும். கொதி வரும் நேரத்தில் நுரை பாலைப்போலப் பொங்கும். பால் பொங்குவதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இதற்குத் தனிப்பயிற்சி வேண்டாம். கசப்புக்கான ஹாப்ஸ் ஒரு மணி நேரம் கொதிக்க வேண்டும், மணத்துக்கானது இறக்கும் தறுவாயில் போட வேண்டும். தாளிப்பில் எது முதலில், எது இறக்கியபின் என்று தெரிந்தவர்களுக்கு இதன் தர்க்கமும் தெரியும். பிறகு பாத்திரத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஐஸ் நடுவே வைத்து ஆற்றி, குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய புளிக்கவைக்கும் வாளியில் ஊற்றி, மொத்தம் 19 லிட்டராக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே, 20 டிகிரி அருகே வந்ததும் ஈஸ்ட் போட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பும் நடுவிலும் பின்பும் இருக்கும் வேலை ஒன்று, கழுவுவது. வாளி, மூடி, குழாய், கரண்டி, வெப்பமானி, ஐம்பது சொச்சம் பாட்டில்கள். ஆறிய பிறகு கரைசலைத் தொடும் ஒவ்வொன்றும் முதலில் அழுக்கு நீங்கவும், பிறகு கிருமி நீங்கவும் வேண்டும். ஓரிடத்தில் கவனம் தப்பினாலும் மொத்தமும் புளித்துப்போகும். அனுபவப்பட்டவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம் இது: பியர் காய்ச்சுவதில் பெரும்பகுதி பாத்திரம் கழுவுவதுதான். வீட்டுக் காய்ச்சலில் பியர் கெட்டுப்போகும் காரணங்களைச் சொல்லச் சொன்னால் அழுக்கும், புளிக்கும்போது ஏறிய சூடும், பழைய ஈஸ்ட்டும் முன்னால் வரும். சாறா தானியமா என்பது வெகுபின்னால்தான் வரும்.

இப்போது சண்டைக்குத் திரும்பலாம். ‘நிஜமான காய்ச்சல்’ என்ற பட்டம் எந்தக் கட்டத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது? பியரைப் பியராக்கும் புளிப்புக்கு அல்ல. அதை ஈஸ்ட் செய்கிறது. பியரைக் காப்பாற்றும் கழுவலுக்கும் அல்ல. தானியத்தை ஊறவைக்கும் கட்டத்துக்குத்தான். அது அறிவு கேட்கும் அழகான கட்டம் என்பதை மறுக்கவில்லை. சூட்டை இரண்டு மூன்று டிகிரி மாற்றினால் பியரின் உடலே மாறும். ஆனால் தானியத்தில் தொடங்குபவரும் பார்லி பயிரிடவில்லை, முளைகட்டவில்லை, ஹாப்ஸ் கொடி வளர்க்கவில்லை. ஈஸ்ட் ஆய்வுக்கூடத்திலிருந்து பொட்டலத்தில் வருகிறது. அவரும் பாதி வழியில்தான் ஏறியிருக்கிறார். ‘நிஜம்’ தொடங்கும் கோடு எப்போதும் கோடு போடுபவரின் காலடிக்குச் சற்றுப் பின்னால்தான் விழுகிறது. அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டுமானால் வேண்டியவை இடமும் பாத்திரமும் ஓய்வு நாளும். திறமையின் பெயரால் சொத்து அளக்கப்படுகிறது.

நம் வீடுகளில் இதே அளவுகோல் தலைகீழாகப் பிடிக்கப்படுவதை யோசித்துப் பாருங்கள். அம்மியில் அரைத்த சட்னிக்கு ஈடில்லை என்று சொல்லும் குரல் பெரும்பாலும் அம்மி அருகே உட்கார்ந்திராத குரல். பாக்கெட் மாவு வாங்கும் பெண் சோம்பேறி. ஊறவைத்து, அரைத்து, கரைத்து வைப்பவளுக்கோ கைவினைஞர் என்ற பெயர் கிடைப்பதில்லை, வசவு கிடைக்காமல் போகிறது, அவ்வளவுதான். நீளமான வழியில் போவது ஆணுக்குக் கலை, பெண்ணுக்குக் கடமை. குறுக்குவழி ஆணுக்கு ஆரம்பப்பாடம், பெண்ணுக்குக் குற்றம். உழைப்பின் அளவு ஒன்றாக இருந்தாலும் அதற்குக் கிடைக்கும் பெயர் ஒன்றாக இருப்பதில்லை.

இந்தப் பெயர்மாற்றம் பியரிலேயே நடந்திருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். இடைக்கால இங்கிலாந்தில் ஏல் காய்ச்சியவர்கள் பெண்கள். அவர்களைக் குறிக்கும் ‘ப்ரூஸ்டர்’ என்ற சொல்லின் விகுதியே பெண்பால் விகுதி. ஜூடித் பென்னட் என்ற வரலாற்றாசிரியர் 1996இல் வெளியிட்ட தன் நூலில், 1300 முதல் 1600 வரை இந்தத் தொழில் பெண்கள் கையிலிருந்து நழுவிய கதையை ஊர்நீதிமன்றப் பதிவுகளைக் கொண்டு சொல்கிறார். ஏலில் ஹாப்ஸ் இல்லை. மால்ட், தண்ணீர், ஈஸ்ட் மட்டும். சில நாட்களில் புளித்துவிடும், தூரம் கொண்டுபோக முடியாது. ஆகவே வீட்டுக்குக் காய்ச்சும் பெண் மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் விற்பாள், அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரி காய்ச்சும்போது இவள் அங்கே வாங்குவாள். பானை, தொட்டி, அகப்பை, வடிதுணி என்று வீட்டில் இருக்கும் சாமான்களே போதும். முதல் போடாமல் செய்யக்கூடிய தொழில். அதனாலேயே மணமானவள், விதவை, தனியாக இருப்பவள் என எல்லோரும் அதில் இருந்தார்கள்.

பிறகு கடல் தாண்டி, இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதிகளிலிருந்து ஹாப்ஸ் போட்ட பியர் வந்தது. 15ஆம் நூற்றாண்டில் அதை இங்கிலாந்திலேயே காய்ச்சத் தொடங்கினார்கள். ஹாப்ஸ் பியரைக் கெடாமல் வைத்திருக்கும். அதே அளவு மால்ட்டிலிருந்து ஏலைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாகப் பியர் எடுக்கலாம். ஆனால் ஹாப்ஸோடு நெடுநேரம் கொதிக்கவைக்க வேண்டும். அதற்குப் பெரிய செம்புக் கொப்பரையும், அதிக விறகும், இருப்பு வைக்கப் பீப்பாய்களும், விற்றுப் பணம் வரும்வரை தாங்கும் கடனும் வேண்டும். கெடாத பியரைக் கப்பலுக்கும் படைக்கும் விற்கலாம், அதற்கு ஒப்பந்தம் போட வேண்டும். மணமான பெண்ணின் சொத்தும் கடனும் ஒப்பந்தமும் கணவன் பெயரில் கரைந்துபோகும் சட்டம் அன்று இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் காய்ச்சுவோர் சங்கத்தின் உறுப்பினர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெண்கள், அவர்களிலும் பெரும்பாலோர் கணவர்களோடு. 1600 வாக்கில் பெரும்பாலான இடங்களில் காய்ச்சுதல் ஆண்களின் தொழிலாகிவிட்டது. யாரும் பெண்களைத் தடியால் அடித்து விரட்டவில்லை. கொப்பரை பெரிதாயிற்று, அவ்வளவுதான்.

இங்கே ஒரு பிரபலமான கதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூர்த்தொப்பி, கொப்பரை, பூனை, வாசலில் சாத்திய துடைப்பம் என்ற சூனியக்காரியின் உருவம் ஏல் காய்ச்சிய பெண்ணிடமிருந்துதான் வந்தது, அவளைச் சூனியக்காரி என்று சொல்லியே தொழிலிலிருந்து விரட்டினார்கள் என்று நம் தரப்பிலேயே ஆர்வமாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. இங்கிலாந்தில் சூனிய வழக்குகள் மலிந்த காலம், தொழில் கைமாறுவது பெருமளவு நடந்துமுடிந்த பிறகு. ஏல்காரி இழிவுபடுத்தப்பட்டது உண்மை: ஜான் ஸ்கெல்டன் எலினோர் ரம்மிங் என்ற ஏல்காரியை அருவருப்பாகச் சித்தரித்துக் கவிதை எழுதினார், லட்லோ ஊர்த் தேவாலயத்தில் அளவு ஏமாற்றிய ஏல்காரியைப் பிசாசு நரகத்துக்குத் தூக்கிப்போகும் மரச்சிற்பம் இருக்கிறது. ஆனால் நெருப்பும் தூக்குக்கயிறும் உள்ள கதையை நாம் விரும்புவதால், கடன் கிடைக்காத கதை மறைந்துபோகிறது. கடன் கிடைக்காத கதைதான் இன்னும் நடந்துகொண்டிருப்பது.

இந்தப் பின்னணியில் மால்ட் சாற்று டப்பாவைப் பார்த்தால் எனக்கு அது வேறாகத் தெரிகிறது. சின்னப் பாத்திரத்தைப் போதாததாக்கியது ஹாப்ஸும் கொப்பரையும். பெரும்பகுதித் தண்ணீரைத் தொழிற்சாலையிலேயே ஆவியாக்கிவிட்டு வரும் சாறு, வீட்டு அடுப்பில் ஏறக்கூடிய பாத்திரத்தை மறுபடி போதுமானதாக்குகிறது. அதைக் கீழானது என்று சொல்வது, அந்தப் பழைய கொப்பரையை மறுபடியும் வாசலில் கொண்டுவந்து வைப்பது.

டப்பாவைப் புனிதமாக்கவும் முடியாது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது மளிகைக்கடைகளில் மால்ட் சாறு தாராளமாக விற்றது. ரொட்டி சுடவும் மிட்டாய் செய்யவும் என்று விளம்பரம். சில டப்பாக்களில் ஹாப்ஸ் சேர்த்தே வந்தது. கசக்கும் ஹாப்ஸ் போட்டு எந்த வீட்டில் ரொட்டி சுடுவார்கள்? சமையலறையில் நல்ல மனைவி இருக்கிறாள், ரொட்டி சுடுகிறாள் என்ற சித்திரம் ஒரு தொழிலுக்கே மறைப்புத்துணியாக இருந்தது. மதுவிலக்கு முடிந்தபின் வீட்டில் ஒயின் செய்வது சட்டபூர்வமானது, பியர் விடுபட்டுப்போயிற்று. இங்கிலாந்தில் 1880 முதல் வீட்டுக் காய்ச்சலுக்கு வேண்டியிருந்த உரிமத்தை 1963இல் நீக்கினார்கள். அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் கணக்கு கவனிக்கத்தக்கது. வயதுவந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். நூறு கேலன் என்பது ஏறத்தாழ 378 லிட்டர், ஒரு மனிதர் ஓராண்டில் செய்து குடிக்க அதுவே ஏராளம். இரண்டாவது நூறு கேலன் யாருடையது? சட்டம் அதை ‘வீட்டுக்கு’க் கொடுக்கிறது. கொட்டகையில் கணவன் காய்ச்சும் வீட்டில் அது மனைவி இருப்பதால் வரும் அளவு. அவள் காய்ச்சாவிட்டாலும், குடிக்காவிட்டாலும், பாட்டில் மட்டும் கழுவினாலும், ஒன்றுமே செய்யாவிட்டாலும் அவள் பங்கு பீப்பாயில் சேர்ந்துவிடும். அவள் தனியாக இருந்தால் அந்த நூறு கேலன் அவள் பெயரில் இருக்கும். இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் எழுதவில்லை. வீடு என்ற சொல்லுக்குள் அவள் எவ்வளவு சத்தமில்லாமல் கரைந்துவிடுகிறாள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு மறுப்பு வரும், வரவேண்டும். உழைப்பைத் தொழிற்சாலைக்குக் கொடுப்பதெல்லாம் விடுதலையா? பெண்களுக்கு வசதி என்ற பெயரில் விற்கப்பட்டவற்றில் எத்தனை அவர்கள் கையிலிருந்த அறிவைப் பிடுங்கிக்கொண்டு விலைச்சீட்டை மட்டும் கையில் கொடுத்தன? நியாயமான கேள்வி. வெகுநாள் நான் இதற்கு உழைப்பு, தீர்மானம் என்று இரண்டாகப் பிரித்துப் பதில் வைத்திருந்தேன். தண்ணீரை ஆவியாக்கும் உழைப்பைக் கொடுத்துவிடலாம், எந்த ஹாப்ஸ், எவ்வளவு, எப்போது என்ற தீர்மானத்தைக் கொடுக்கக்கூடாது. ஹாப்ஸ் இல்லாத சாற்றை வாங்கித் தானே கொதிக்கவைப்பவள் தீர்மானத்தைத் தன்னிடம் வைத்திருக்கிறாள். ஹாப்ஸ் சேர்த்தே வரும் டப்பாவைத் திறந்து, ஒரு கிலோ சர்க்கரை போட்டு, கெட்டில் வெந்நீரில் கரைத்து, 23 லிட்டருக்குத் தண்ணீர் நிரப்புபவள் அதைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டாள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கோடும் கோடு போடுபவளின் காலடிக்குச் சற்றுப் பின்னால்தான் விழுகிறது. கெட்டில் மட்டுமே உள்ள ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவள், அடுப்பைக் கேட்காமல் பயன்படுத்த முடியாத கூட்டுவீட்டில் இருப்பவள், அரை மணிக்கு மேல் நின்று கிளற முடியாத முதுகு உள்ளவள் ஆகியோரை அது வெளியே நிறுத்துகிறது. டப்பாக்காரியிடமும் தீர்மானங்கள் இருக்கின்றன. சர்க்கரைக்குப் பதில் உலர்ந்த மால்ட் போடலாமா, வாளியை வீட்டின் எந்த மூலையில் வைத்தால் சூடு ஏறாது, புளிப்பு முடிந்துவிட்டதா, இன்னும் நாலு நாள் பொறுப்பதா. இந்தக் கடைசிக் கேள்வியில் அவசரப்பட்டு, புளிப்பு முடியுமுன் பாட்டிலில் அடைத்தால் கண்ணாடி வெடிக்கும். கம்பெனி அந்தத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள முடியாது. பொறுமையை டப்பாவில் அடைத்து விற்கும் வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆகவே உழைப்பும் தீர்மானமும் என்ற பிரிவினையை நான் முழுக்க விடவில்லை, ஆனால் அதை அடுத்தவரை அளக்கப் பயன்படுத்துவதை விட்டுவிட்டேன். எதைக் கையில் வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்று ஒருத்தி தனக்கே கேட்டுக்கொள்ளும்போது அது நல்ல கேள்வி. வாசலில் நின்று கேட்கும்போது அது பரிசோதனை. நீ செய்ததில் எவ்வளவு உன்னுடையது என்று வாசலில் நின்று கேட்கப்படுவது யாரிடம் என்பதையும் பார்க்க வேண்டும்.

தாமஸ் ஜெஃபர்சனிடம் யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவின் மூன்றாவது அதிபர், விடுதலைப் பிரகடனத்தை எழுதியவர், நூற்றுக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். வீட்டில் காய்ச்சுபவர்கள் தங்கள் முன்னோடி என்று அவரை உரிமையோடு சொல்லிக்கொள்வார்கள். அவர் பெயரில் இன்றைக்கும் பியர் விற்பனையாகிறது. வர்ஜீனியாவில் உள்ள அவருடைய மான்டிசெல்லோ பண்ணையில் 1772இல் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுமார் 15 கேலன் வீதம் மென்பியர் காய்ச்சவைத்துக் கணக்கு எழுதியவர் அவருடைய மனைவி மார்த்தா. ஒரு பழைய சட்டையைக் கொடுத்து 7 பவுண்ட் ஹாப்ஸ் வாங்கியதுகூட அந்தக் கணக்கில் இருக்கிறது. கொதிக்கும் பாத்திரத்தருகே அவரேதான் நின்றாரா, அடிமைப்பட்ட பெண்கள் நின்றார்களா என்பதைக் கணக்குநோட்டு எழுதிவைக்கும் வழக்கமில்லை. மார்த்தா 1782இல் இறந்தார். 1813இல் ஜோசப் மில்லர் என்ற ஆங்கிலேயக் காய்ச்சுநர் போரால் ஊர் திரும்ப முடியாமல் அங்கே தங்கியபோது, அவரிடம் மால்ட் கட்டவும் காய்ச்சவும் கற்றுக்கொண்டவர் பீட்டர் ஹெமிங்ஸ். சமையல்காரர், அடிமைப்பட்டவர், சாலி ஹெமிங்ஸின் அண்ணன். தானியத்தை முளைகட்டுவதிலிருந்து பீப்பாயில் அடைப்பது வரை அவர் செய்தார். இன்றைய கோடு போடுபவர்கள் யாரும் குறை சொல்ல முடியாத காய்ச்சல் அது. அண்டை அயலாருக்கு அந்தப் பியர் பிடித்துப்போயிற்று. பின்னாளில் மேடிசனின் ஆள் வந்தால் பீட்டர் கற்றுக்கொடுப்பார் என்று ஜெஃபர்சன் எழுதியிருக்கிறார்.

ஜெஃபர்சன் இறந்தபின் 1827இல் பண்ணையில் இருந்தவர்களை ஏலம்விட்டார்கள். பீட்டரை விடுதலை பெற்ற உறவினர் ஒருவர் 1 டாலருக்கு வாங்கினார். அதன்பின் அவர் சார்லட்ஸ்வில் நகரில் தையல்காரராகப் பிழைத்தார்.